பச்சைமலைக்கு ட்ரோன் அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது ஏன்? சிமுலேஷன் மாடல் உருவாவது எப்படி?

திருச்சி சமவெளியில் ஜம்முன்னு பறக்கும் ட்ரோன், துறையூர் தாண்டி பச்சைமலை மேலேயும் அப்படியே பறக்குமா? பறக்காது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க மோட்டார்கள் ஏறக்குறைய 5 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். மருந்துப் பெட்டியோடு மலை கிராமத்துக்குக் கிளம்பிய ட்ரோன் பாதி வழியில் காட்டுக்குள் விழுந்தால்? அதை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பார்த்துவிடத்தான் சிமுலேஷன் மாடல்.

வீடியோ கேம் இல்லையா?

இல்லை. ரிமோட் குச்சியை இவ்வளவு தள்ளினால் ட்ரோன் இத்தனை டிகிரி சாயும் என்று சொல்லும் சமன்பாடுகள் அவை. எடையைத் தராசு சொல்லிவிடும். திரும்ப எவ்வளவு அடம்பிடிக்கும் என்பதை அறிய, ட்ரோனை இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு லேசாகத் திருகிவிட்டு, ஆடும் நேரத்தை அளப்பார்கள். காற்றின் தடையைத்தான் எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. அதற்குப் பறக்கவிட்டே ஆகணும்.

குலுக்கிப் பார்க்கும் சோதனை

காற்று அடங்கிய அதிகாலையில், ட்ரோனை வேண்டுமென்றே ஆட்டுவார்கள். 3 பங்கு நேரம் ஒரு பக்கம், 2 பங்கு எதிர்ப்பக்கம், பிறகு 1, மறுபடி 1. '3-2-1-1' என்ற இந்த முறை ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆரில் உருவானது. கொடுத்த கட்டளை, ஜைரோ, ஜி.பி.எஸ். எல்லாம் பதிவாகும். மாடலுக்கும் அதே கட்டளையைக் கொடுத்து, இரண்டு வரைபடமும் ஒட்டும்வரை எண்களைக் கம்ப்யூட்டர் திருத்தும்.

சிக்கல் ஆட்டோபைலட்டில். ட்ரோன் சாயும் முன்பே அது ஓடிவந்து நிமிர்த்திவிடும். அசைவு ட்ரோனின் குணமா, ஆட்டோபைலட்டின் வேலையா என்று பிரிக்க முடியாது. அதனால் அதன் கட்டளைக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே தனி அசைவைக் கலப்பார்கள். இலவச மென்பொருளான ஆர்டுபைலட்டிலேயே இதற்கென ஒரு மோட் இருக்கு.

இந்தியாவுக்குப் புதுசா?

இல்லை. 2001 ஜனவரி 4-ல் முதலில் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் சோதனை டேட்டாவில், பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) இதே கணக்கைப் போட்டது. ட்ரோனில் டேட்டா எடுப்பது இன்னும் மலிவு. விழுந்தாலும் உள்ளே பைலட் இல்லை.

மாடல் சரியா என்று பார்க்க, அதை உருவாக்கப் பயன்படுத்தாத வேறொரு பறப்பின் டேட்டா வேண்டும். அதே டேட்டாவில் சோதிப்பது, கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது மாதிரி. சமவெளி மாடலில் அடர்த்தி எண்ணை மாற்றினால் மலை உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பள்ளத்தாக்கில் திடீரென அடிக்கும் காற்று அந்த மாடலுக்குத் தெரியாது. அதற்கு மலை மேலேயே ஒருமுறை டேட்டா எடுத்தாக வேண்டும்.