கடைக் கொப்பியில் முழுப் பெயர் இருக்கிறதா? சிறு தொழில் நடத்துவோர் வைத்திருக்க வேண்டிய ஊழியர் கோப்புகள்

2008ஆம் ஆண்டு ஒரு காலை வவுனியாவில் வேலைக்குப் போன அப்பா அன்றிரவு வீடு திரும்பவில்லை. ஓர் அரிசி ஆலையில் பதினொரு வருடங்கள் வேலை செய்தவர் அவர். அதன்பிறகு அம்மா ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் தவறாமல் கேட்கப்பட்ட கேள்வி, "எங்கே வேலை செய்தவர்? அதற்குக் கடிதம் ஏதும் இருக்கிறதா?" என்பதுதான்.

அம்மா ஆலைக்குப் போனார். முதலாளி இரக்கமுள்ள மனிதர். அலுமாரியைத் திறந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தார். அதில் அப்பாவின் பெயர் இல்லை. எல்லோரும் அவரைக் கூப்பிடும் வீட்டுப் பெயரும், அதற்கு நேரே "6 நாள்", "5 நாள்", "அட்வான்ஸ் 2,000" என்ற குறிப்புகளும் மட்டுமே இருந்தன. அடையாள அட்டை இலக்கம் இல்லை. சேர்ந்த திகதி இல்லை. சேமலாப நிதி இலக்கமும் இல்லை.

ஊடகக் கற்கை படித்து, சுயாதீனமாக எழுதத் தொடங்கிய பிறகு மீள்குடியேறியவர்கள், உறவுகளைத் தேடுபவர்கள் என்று பலரோடு பேசியிருக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு பொலித்தீன் பை வெளியே வரும். எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டிக் காப்பாற்றிய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் அதற்குள் இருக்கும். உழைத்ததற்கான சான்று மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை நடத்தும் என் பெரியம்மாவின் மகனுக்குக் கடந்த வருடம் தொழில் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பது ஊழியர்களின் ஆவணங்களுடன் வரும்படி கேட்டிருந்தார்கள். அவரிடம் இருந்ததும் ஒரு சி.ஆர். கொப்பிதான். இரண்டு நாட்கள் அவருடன் இருந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு ஆரம்பித்தோம். அதில் கற்றுக்கொண்டவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

"என்னிடம் நாலு பேர்தானே" என்பவர்களுக்கு

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஒருவர் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கும் அது பொருந்தும். தற்காலிகம், பகுதி நேரம், நாட்கூலி என்று சொல்லி விலக முடியாது. வீட்டு வேலையாட்கள், குடும்பத்தவர் மட்டுமே சேர்ந்து நடத்தும் தொழில் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. வேறு பல தொழில்கள் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எதன் கீழ் வந்தாலும், யார் வேலை செய்தார், எவ்வளவு நேரம் செய்தார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று பதிந்து வைப்பது தொழில் வழங்குநரின் கடமை. தகராறு என்று வந்தால், பதிவு இல்லாத முதலாளியால் தான் கொடுத்ததைக்கூட நிரூபிக்க முடியாது.

ஒரு கோப்புக்குள் இருக்க வேண்டியவை

கணினி கட்டாயமில்லை. ஆளுக்கு ஒரு மட்டைக் கோப்பு போதும். அதில் இவை இருக்கட்டும்:

- முழுப் பெயர், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, தொலைபேசி இலக்கம்.
- தேசிய அடையாள அட்டையின் பிரதி. பழைய இலக்கம், புதிய 12 இலக்க எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் குறியுங்கள்.
- பிறந்த திகதிக்கான சான்று. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தவும் முடியாது.
- நியமனக் கடிதம். பதவி, சேர்ந்த திகதி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், லீவு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். ஊழியருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள்.
- சேமலாப நிதியத்தில் சேர்ப்பதற்கான ஏ.பி.எச். படிவத்தின் பிரதியும் உறுப்பினர் இலக்கமும்.
- சம்பள உயர்வு, பதவி மாற்றம், எச்சரிக்கைக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகள்.
- கொடுத்த முற்பணம், திருப்பிக் கழித்த தொகை. ஒவ்வொன்றுக்கும் ஊழியரின் கையெழுத்து.
- அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் பெயரும் இலக்கமும். ஒருவர் போதாது, இருவரை எழுதுங்கள்.
- வேலையில் காயம் ஏற்பட்டிருந்தால் திகதி, நடந்த விதம், பார்த்தவர்கள், சிகிச்சை பெற்ற இடம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க இந்தக் குறிப்பு உதவும்.

பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது

எங்கள் பெயர்கள் தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாகவும் இருக்கும். முதலெழுத்து சில இடங்களில் விரிவாக இருக்கும், சில இடங்களில் சுருக்கமாக இருக்கும். திருமணத்தின் பின் கணவர் பெயர் சேரும். இடம்பெயர்ந்து அவசரமாக எடுத்த ஆவணங்களில் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

கிளிநொச்சிக் கடையின் ஒன்பது பேரில் மூவருக்கு அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒத்துவரவில்லை. சேமலாப நிதிப் படிவங்களில் அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து இப்போதே கோப்பில் வையுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை அது. ஆள் இல்லாதபோது மனைவியோ பிள்ளைகளோ மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

சம்பளமும் இரண்டு நிதியங்களும்

மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், அதாவது 3,200 ரூபா. அது சம்பளத்தில் கழிக்கப்படும். முதலாளியின் பங்கு 12 சதவீதம், 4,800 ரூபா. இதற்கு மேலாக 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், 1,200 ரூபா. இதை முதலாளி மட்டுமே செலுத்த வேண்டும். ஊழியரிடம் கழிக்கக் கூடாது. மேலதிக நேரக் கொடுப்பனவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த மாதம் முடிவதற்குள் இரண்டையும் கட்ட வேண்டும். சேமலாப நிதிப் பணம் பிந்தினால், பிந்திய காலத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும்.

ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டை கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பணம் கட்டிய சி படிவத்தையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் மாத வாரியாகத் தனிக் கோப்பில் சேருங்கள்.

நேரமும் லீவும்

வரவுப் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் இருக்க வேண்டும். வெறும் சரி அடையாளம் போதாது. கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. போயா தினத்தில் வேலை வாங்கினாலும் ஒன்றரை மடங்கு.

ஆளுக்கு ஒரு லீவுத் தாள் வையுங்கள். இரண்டாவது ஆண்டில் இருந்து வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7 நாள். முதல் ஆண்டில் எந்த மாதம் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து, அடுத்த ஆண்டுக்கான வருடாந்த லீவு மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஜூன் வரை 10, செப்டெம்பர் வரை 7, அதன் பின்னர் 4 நாட்கள். பிரசவ லீவு 84 வேலைநாட்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் இதுவே கணக்கு.

எழுதக் கூடாதவை

வேலைக்குத் தேவையில்லாத எதுவும் கோப்பில் வேண்டாம். சாதி வேண்டாம். புனர்வாழ்வு பெற்றவரா, வீட்டில் யார் காணாமல் போனார்கள், உடலில் என்ன காயம் என்பவற்றை ஊழியர் நம்பிக்கையோடு சொல்லியிருக்கலாம். அது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையில் நிற்கட்டும். காயம் காரணமாகப் பாரம் தூக்க முடியாதவர் என்றால், "பாரம் தூக்கும் வேலை கொடுப்பதில்லை" என்று எழுதினால் போதும். காரணம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே அடிப்படையில்தான் அமைந்தது: ஒரு நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் திரட்டுவது, அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவது.

கோப்புகள் பூட்டிய லாச்சியில் இருக்கட்டும். திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தொழில் அதிகாரிக்குப் பதிவுகளைப் பரிசோதிக்கும் சட்ட அதிகாரம் உண்டு. அவர் அல்லாத வேறு யாராவது வந்து "வேலை செய்கிறவர்களின் விபரம் தாருங்கள்" என்றால் எழுத்தில் கேட்கும்படி சொல்லுங்கள். யார், எந்தத் திகதியில், எதைக் கேட்டார் என்று குறித்து வையுங்கள். சம்பந்தப்பட்ட ஊழியருக்கும் தெரியப்படுத்துங்கள். வடக்கில் கடை நடத்துபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு காலம், எங்கே

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். இன்று 20 வயதில் உங்களிடம் சேரும் பொடியன் 35 வருடங்களின் பின்னரே கே படிவம் நிரப்பப் போகிறான். ஆகவே நியமனக் கடிதம், சம்பளப் பதிவு, நிதியப் பற்றுச்சீட்டு மூன்றையும் எறியவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கடையை விற்றாலும், ஊரைவிட்டுப் போனாலும், யாரிடம் அவற்றை ஒப்படைத்தீர்கள் என்பதை ஊழியருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓரிடத்தில் மட்டும் வைக்கவும் வேண்டாம். யுத்தத்தில் இழந்தவற்றின் பின் திரும்பச் சேர்த்த கடதாசிகளையும் 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பலர் இழந்தார்கள். முக்கியமான தாள்களைத் தொலைபேசியில் படம் எடுத்து இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். மிகப் பாதுகாப்பான இரண்டாவது இடம் ஊழியரின் வீடுதான். அவருக்குரிய பிரதியை அவரிடமே கொடுங்கள்.

ஒருவர் விலகும்போது

விலகல் கடிதம், கடைசிச் சம்பளக் கணக்கு, சேவைச் சான்றிதழ் மூன்றும் கோப்பில் சேர வேண்டும். சேவைச் சான்றிதழில் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த, விலகிய திகதிகள், சேமலாப நிதி இலக்கம் ஆகியவை இருக்கட்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

சேமலாப நிதியில், தனக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவரை உறுப்பினர் நியமித்து வைக்கலாம். திருமணம், பிள்ளை பிறப்பு, குடும்பத்தில் இறப்பு என்று எது நடந்தாலும் அதைப் புதுப்பிக்கும்படி ஊழியருக்கு நினைவூட்டுங்கள்.

நீங்கள் ஊழியராக இருந்தால், உங்கள் உறுப்பினர் இலக்கத்தை இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள். வீட்டிலும் ஒருவருக்குச் சொல்லுங்கள். பணம் கட்டப்படவில்லை என்று தெரிந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

அம்மாவிடம் இருப்பது

அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா ஒருபோதும் சம்மதிக்கவில்லை. காணாமல் போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடம் தந்த பிறகுதான் அவருடைய சேமலாப நிதி பற்றி விசாரிக்கப் போனோம். உறுப்பினர் இலக்கம் கேட்டார்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். அட்டை அப்பாவின் சட்டைப் பையில் அவரோடு போயிருந்தது. அந்தப் பதினொரு வருடங்களில் அவர் பேரில் பணம் கட்டப்பட்டதா இல்லையா என்பதுகூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆலை முதலாளி எங்களை ஏமாற்ற நினைத்தவர் அல்ல. அவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சிக் கடையில், லொறியில் சாமான் ஏற்றும் இளைஞனின் கோப்பைத்தான் முதலில் ஆரம்பித்தோம். நான்கு வருடங்களாகக் கொப்பியில் அவன் "தம்பி". அடையாள அட்டையைப் பார்த்து அவனே தன் முழுப் பெயரை மட்டையில் எழுதினான்.

அம்மாவின் பொலித்தீன் பையில் ஆலைக் கொப்பியின் ஒரு பக்கத்தின் போட்டோப் பிரதி இன்னும் இருக்கிறது. வீட்டுப் பெயர், 6 நாள், 5 நாள், அட்வான்ஸ் 2,000.