கையில் கட்டிய உயிர்

ஒரு முழத் துணி உயிரைக் காப்பாற்றுமா? காப்பாற்றும், சார்!

1940, மே 14. ஹிட்லர் படை எப்போது வந்து இறங்குமோ என்று பிரிட்டன் பயந்து கிடந்த நேரம். போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் ரேடியோவில் தொண்டர்களை அழைத்தார். 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் வரலாம். சில நாட்களிலேயே இரண்டரை லட்சம் பேர்!

சீருடை? ஊஹூம். ஆரம்பத்தில் கிடைத்தது 'எல்.டி.வி.' என்று அச்சடித்த கைப்பட்டைதான். உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர் என்பதன் சுருக்கம்.

சிரிக்காதீர்கள். தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் வேண்டும் என்பது 1907 ஹேக் உடன்படிக்கையின் நிபந்தனைகளில் ஒன்று. அது இருந்தால், பிடிபட்டவர் போர்க்கைதி. இல்லாமல் துப்பாக்கி தூக்கினால்? சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடலாம்!

ஜூலையில் 'ஹோம் கார்டு' என்று பெயரை மாற்றச் சொன்னார் சர்ச்சில். பத்து லட்சம் பட்டைகள் அச்சாகிவிட்டனவே என்று அலறினார்கள். மனிதர் அசையவில்லை. எழுத்து மாறியது, பட்டை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.