லிங்கன் கொடிவழி ஆய்வு

அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் (1809–1865) முன்னோரை ஆவணங்களின் துணையால் கண்டறிய நடந்த நெடுங்கால ஆராய்ச்சி லிங்கன் கொடிவழி ஆய்வு எனப்படுகிறது. இதன் மையத்தில் நிற்பவர் அவருடைய பாட்டனாரான கேப்டன் ஆபிரகாம் லிங்கன் (1744–1786). வர்ஜீனியாவிலிருந்து அப்பலாச்சிய மலைகளைக் கடந்து கென்டக்கியின் எல்லைப்புறக் காட்டில் குடியேறிய இவர், நிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். பேரனுக்கு இவரைப் பற்றித் தெரிந்தவை மிகச் சிலவே. குடும்பத்தின் நினைவில் அழிந்துபோனவற்றை நிலப் பத்திரங்கள், வரிப் பட்டியல்கள், நீதிமன்றப் பதிவேடுகள் ஆகியவற்றிலிருந்து மீட்டதே இந்த ஆய்வின் சாதனை.

பின்னணி

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கென்டக்கி வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியாக இருந்தது. அது ஷானி, செரோக்கி மக்களின் வேட்டை நிலம். 1768ஆம் ஆண்டு ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில் இரோக்குவா கூட்டமைப்பு அந்நிலத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்ததை ஷானி மக்கள் ஏற்கவில்லை. 1775இல் டேனியல் பூன் கம்பர்லாந்துக் கணவாய் வழியே பாதை திறந்தபின் குடியேறிகள் திரண்டு வந்தனர், மோதல்களும் பெருகின.

இத்தகைய இடத்தில் ஒரு குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவை ஒழுங்காகப் பதிவாகும் வாய்ப்பு குறைவு. கென்டக்கி அரசு பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்ய 1852இல் முயன்றது. நிலையான பதிவு 1911இல்தான் தொடங்கியது. முதல் தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தபோது கேப்டன் லிங்கன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புப் படிவங்களும் எஞ்சவில்லை என்பதால் அவருடைய மனைவி மக்களையும் அவ்வழியில் தேட முடியாது. எஞ்சியிருந்தாலும் பயன் குறைவே. 1840 வரை கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. வீட்டிலுள்ள அடிமையல்லாதார் அனைவரின் பெயரும் 1850 முதலே இடம்பெற்றது.

குடும்பம் அறிந்திருந்தவை

லிங்கனே தம் முன்னோரைத் தேடியவர். 1848இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்ஹம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன், வர்ஜீனியாவின் டேவிட் லிங்கன் ஆகியோருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1859இல் ஜெஸ்ஸி ஃபெல் என்பவருக்கு எழுதித் தந்த தன்வரலாற்றுக் குறிப்பில் தமக்குத் தெரிந்தவற்றைத் தொகுத்தார். அதன்படி, பாட்டனார் 1781 அல்லது 1782 வாக்கில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்கு வந்தார். ஓரிரண்டு ஆண்டுகளில் செவ்விந்தியரால் கொல்லப்பட்டார். அப்போது தம் தந்தை தாமசுக்கு வயது ஆறு. முன்னோர் குவேக்கர் சமயத்தார். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள். நியூ இங்கிலாந்து லிங்கன் குடும்பத்தோடு உறவு உண்டா என்று தேடியதில், இரு குடும்பங்களிலும் மொர்தெகாய், லீவை, ஆபிரகாம் போன்ற பெயர்கள் பொதுவாக வருவதைத் தவிர உறுதியான எதுவும் கிட்டவில்லை.

தந்தை இறந்த 1851ஆம் ஆண்டு வாக்கில் லிங்கன் குடும்ப விவிலியத்தில் பிறப்பு, மணம், இறப்பு விவரங்களைத் தம் கையால் எழுதிவைத்தார். அந்தத் தாளும் பிற்பாடு கிழிந்து சிதைந்தது.

நிலப் பதிவுகள்

எல்லைப்புறக் குடியேறி எதை விட்டாலும் நிலத்துக்கான காகிதத்தை விடமாட்டார். வர்ஜீனியாவின் 1779ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஒருவர் பணம் கட்டி உரிமைச் சீட்டு வாங்கி, வேண்டிய நிலத்தைப் பதிவு செய்து, அளந்து, இறுதியில் பட்டா பெறவேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் ஆவணம் உருவாகும்.

கேப்டன் லிங்கன் 1780 மார்ச்சில் 400 ஏக்கருக்கு வாங்கிய உரிமைச் சீட்டில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. லிங்கன் என்ற எழுத்தை மட்டும் நம்பித் தேடுவோர் கண்ணில் இந்தச் சீட்டு படாது. ஜெஃபர்சன் கவுண்டியில் லாங் ரன் ஓடையை ஒட்டிய அந்த நிலம் 1785 மே 7 அன்று அளக்கப்பட்டது. ஜோசையா உள்ளிட்ட லிங்கன் குடும்பப் பெயருடைய இருவர் சங்கிலி பிடித்ததாகவும், ஆபிரகாமே எல்லைக் குறியிட்டதாகவும் அளவைக் குறிப்பு சொல்கிறது. சங்கிலி பிடிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் உறவினரும் அண்டை வீட்டாருமே வருவார்கள். ஆகவே நில அளவைக் குறிப்பு உறவு வட்டத்தையும் காட்டித் தருகிறது.

இறந்த ஆண்டு

குடும்பக் கதையை ஆவணம் நேரடியாகத் திருத்திய இடம் இது. தாமஸ் 1778இல் பிறந்தவர். தந்தை இறந்தபோது அவருக்கு ஆறு வயது என்றால் ஆண்டு 1784 ஆகிறது. லிங்கனும் அந்த ஆண்டையே குறிப்பிட்டு வந்தார். ஆனால் 1785 மே மாதம் தம் நிலத்துக்கு எல்லை குறித்தவர் முந்திய ஆண்டே இறந்திருக்க முடியாது. அவருடைய உடைமைகளை நிர்வகிக்க நெல்சன் கவுண்டி நீதிமன்றம் 1788இல் ஒருவரை நியமித்தது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட 1786 மே மாதத்தையே ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். தாமசுக்கு அப்போது எட்டு வயது.

நிகழ்ச்சியைப் பற்றிய குடும்பக் கதை நிலைத்தது. தந்தை வயலில் சுடப்பட்டு விழ, மூத்த மகன் மொர்தெகாய் வீட்டிலிருந்து துப்பாக்கியால் குறிவைத்து, சிறுவன் தாமசை நெருங்கிய செவ்விந்திய வீரரைச் சுட்டார். தம் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த கதை இதுவே என்று லிங்கன் 1854இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார். வாய்மொழி மரபு நிகழ்ச்சியைக் காத்தது, ஆண்டைத் தவறவிட்டது.

இறப்பின் காலத்துக்கு மற்றொரு விளைவும் உண்டு. மூத்த மகனுக்கே நிலம் சேரும் என்ற பழைய விதியை நீக்கிய வர்ஜீனியாச் சட்டம் 1787 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்கள் முந்தி இறந்ததால் நிலம் மொர்தெகாய்க்குப் போயிற்று. இளையவரான தாமஸ் கூலி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பங்கு பிரிக்கப்பட்டிருந்தால் ஐந்து பிள்ளைகளின் பெயரும் ஒரே பத்திரத்தில் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பும் அதனால் இல்லாமற் போயிற்று.

பாட்டியின் பெயர்

கேப்டனின் மனைவி மேரி ஷிப்லி என்று முற்கால வரலாற்றாசிரியர் சிலர் எழுதினர். ஆனால் கேப்டன் ராக்கிங்ஹாம் நிலத்தை விற்ற 1780ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் மனைவியின் பெயரை பத்ஷேபா எனக் காட்டுகிறது. கணவன் நிலத்தை விற்றால் அதில் மனைவிக்குள்ள வாழ்நாள் உரிமையை அவளே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெண்களின் பெயர் ஆவணங்களில் அரிதாகவே வந்த காலத்தில் இந்தச் சட்டத் தேவையே பலரின் பெயரைக் காத்திருக்கிறது. பத்ஷேபா ஹெரிங் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து.

பெற்றோரின் திருமணப் பதிவு

தாமஸ் லிங்கனும் நான்சி ஹாங்க்சும் மணந்ததற்குச் சான்று இல்லை என்ற பழிச்சொல் லிங்கன் காலத்திலேயே பரவியிருந்தது. அவர்கள் குடித்தனம் நடத்திய ஹார்டின் கவுண்டியில் தேடியவர்களுக்குப் பதிவு அகப்படவில்லை. அது வாஷிங்டன் கவுண்டி நீதிமன்றத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருந்தது. 1806 ஜூன் 10 தேதியிட்ட பிணைப்பத்திரத்தில் ரிச்சர்ட் பெரி மணமகளின் காப்பாளராகக் கையெழுத்திட்டிருந்தார். ஜூன் 12 அன்று மணத்தை நடத்திவைத்ததாக மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட் பதிந்திருந்தார். இவை 1878இல் வெளிச்சத்துக்கு வந்தன. அதற்கு 13 ஆண்டுகள் முன்பே லிங்கன் மறைந்துவிட்டார்.

கவுண்டி எல்லைகள் மாறியதும் தேடலைத் திசைதிருப்பியது. ஜெஃபர்சனிலிருந்து நெல்சனும், நெல்சனிலிருந்து 1792இல் வாஷிங்டனும் பிரிந்தன. லிங்கன் பிறந்தபோது ஹார்டினில் இருந்த பண்ணை 1843 முதல் லாரூ கவுண்டியில் உள்ளது.

ஹிங்ஹம் தொடர்பு

லிங்கனால் கண்டுபிடிக்க முடியாமற்போன இணைப்பை 1880களில் சாமுவேல் ஷாக்ஃபர்டும், 1909இல் நூல் வெளியிட்ட லீ, ஹட்சின்சன் ஆகியோரும், 1923இல் வால்டோ லிங்கனும் நிலைநாட்டினர். 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்து ஹிங்ஹமில் குடியேறிய சாமுவேல் லிங்கனின் பேரன் மொர்தெகாய் நியூ ஜெர்சிக்கும், பின் பென்சில்வேனியாவுக்கும் நகர்ந்து 1736இல் இறந்தார். அவர் தம் நியூ ஜெர்சி நிலத்தை மகன் ஜானுக்கு உயிலில் எழுதிவைத்தார். ஜான் 1748இல் அதை விற்றபோது பத்திரத்தில் மொர்தெகாயின் மகனாகவும் வாரிசாகவும் குறிக்கப்பட்டார். இந்த ஜானே 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைப் பகுதிக்குக் குடிபெயர்ந்த, கேப்டன் ஆபிரகாமின் தந்தை. மரபு இவ்வாறு சாமுவேலில் தொடங்கி இரு மொர்தெகாய்கள், ஜான், கேப்டன் ஆபிரகாம், தாமஸ் வழியாகக் குடியரசுத் தலைவரை வந்தடைகிறது.

தாய்வழி

நான்சி ஹாங்க்சின் மரபு இதைவிடச் சிக்கலானது. அவர் தாய் லூசி ஹாங்க்ஸ் என்று பலரும், ஷிப்லி குடும்பத்துப் பெண் ஒருத்தி என்று வேறு சிலரும் வாதிட்டனர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்லும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை, பெண்வழி வந்த இன்றைய வழித்தோன்றல்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியாகி லூசியின் பக்கம் வலுச்சேர்த்தது. நான்சியின் தந்தை யார் என்பதை நிறுவும் ஆவணம் கிடைக்கவில்லை.

முக்கியத்துவம்

1926இல் லூயிஸ் வாரன் வெளியிட்ட ஆய்வு, தாமஸ் லிங்கனைச் சோம்பேறியாகச் சித்தரித்த கதைகளை வரிப் பட்டியல்களைக் கொண்டு மறுத்தது. தாமஸ் 1803இல் 238 ஏக்கர் பண்ணையை 118 பவுன் கொடுத்து வாங்கியவர், ஒழுங்காக வரி கட்டியவர் என்பது அதனால் தெரியவந்தது. ஒரு மனிதரின் நற்பெயரை அவர் இறந்து 75 ஆண்டுகள் கழிந்து நீதிமன்றப் பதிவேடு மீட்டுத்தந்தது.

எல்லைப்புற மூதாதையைத் தேடும் எவருக்கும் இந்த ஆய்வு வழிகாட்டி. பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் பார்ப்பது, நிகழ்ச்சி நடந்த ஆண்டில் அவ்விடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று அறிவது, சாட்சிகளையும் பிணை நின்றவர்களையும் அண்டை வீட்டாரையும் பின்தொடர்வது, குடும்பக் கதையை மதித்தும் சோதித்தும் பயன்படுத்துவது ஆகியவை இதில் பலன் தந்த முறைகள். ஒரே பெயர் இரு குடும்பங்களில் வந்ததை மட்டும் வைத்து உறவு கொண்டாட லிங்கன் மறுத்தார். சான்று கிட்டும்வரை முடிவு சொல்லாத அந்த நேர்மையே கொடிவழி ஆய்வின் முதல் தகுதி.