செய்தி வாசிப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இங்கிலாந்தில் சேனல் 4 தொலைக்காட்சியில் 1990 முதல் 1998 வரை ‘டிராப் தி டெட் டாங்கி’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. ‘குளோப்லிங்க்’ என்ற கற்பனைச் செய்தி நிறுவனத்தை ஒரு கோடீஸ்வரர் விலைக்கு வாங்குகிறார். அதற்குப் பிறகு எது செய்தி, எது செய்தியில்லை என்று ஆசிரியரும் மற்றவர்களும் படும் பாடுதான் கதை. ஒளிபரப்புக்குச் சற்று முன்புதான் படம் பிடிப்பார்களாம். அதனால் அந்த வாரத்து நிஜ அரசியலும் வசனத்தில் வந்துவிடும்.

தமிழில் இப்படி ஒன்று வரவேயில்லையே, ஏன்?

கேலி நமக்குப் புதிதில்லை. நம் கடையத்து மாப்பிள்ளை பாரதி, நான் படித்து வளர்ந்த புதுவையிலிருந்து ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தியபோதே வெள்ளைக்காரனைக் கார்ட்டூனில் கிழித்தவர். சோ 1968-இல் ‘முகமது பின் துக்ளக்’ நாடகம் போட்டார், 1970-இல் அதே பெயரில் பத்திரிகையும் தொடங்கினார். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்பதற்கு ஜேப்படிக்காரனையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் அடையாளம் சொன்னது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். தீர்ப்பு சொன்னது சட்டசபை. அப்போது சபாநாயகர் நம் நெல்லைச் சீமைக்காரர், சேரன்மகாதேவி உறுப்பினர் பி.எச். பாண்டியன். நாடே கொதித்ததில் சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள். பிறகு வழக்குப் போட்டு, ஆயிரம் ரூபாய் இழப்பீட்டுக்குத் தீர்ப்பும் வாங்கினார் ஆசிரியர். தொகை சிறிதுதான், ஆனால் எவ்வளவு பெரிய ஆயிரம்!

ஆக, அச்சில் தைரியம் இருந்தது, மேடையிலும் இருந்தது. தொலைக்காட்சிக்கு வந்தபோதுதான் காணாமல் போயிற்று. 1993-இல் சன் டிவி, 1999-இல் ஜெயா டிவி, 2007-இல் கலைஞர் டிவி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சியின் நிழல். முதலாளியே தலைவர் வீட்டு மனிதர் என்றால், முதலாளியைக் கேலி செய்யும் தொடருக்கு யார் பணம் போடுவார்?

2001 ஜூன் 30 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குற்றாலத்தில் சீசன். விடியுமுன்பே சென்னையில் கருணாநிதியைக் கைது செய்திருந்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில், அருவியில் குளித்த ஈரத்துண்டோடு ஒரே கூட்டம். சன் டிவியில் அவரை இழுத்துச் செல்லும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவிக்கு மாற்றினால் போலீஸார் எடுத்த படம், வேறு கதை. ஒரே தபாலுக்கு இரண்டு மேஜையில் இரண்டு குறிப்பு எழுதிய கோப்பை நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன். அது மாதிரிதான் இருந்தது.

“அண்ணாச்சி, இதுல எது நெசம்?” என்றார் ஒருவர்.

“ரெண்டையும் பாரும்வே. நடுவுல எங்கனயாவது கிடக்கும்” என்றார் கடைக்காரர்.

கடையே சிரித்தது. வீட்டுக்கு ஆளனுப்பி அடித்தார்களா, அடிக்கவில்லையா என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு அது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

விஜய் டிவியில் ‘லொள்ளு சபா’ வந்தது. சந்தானமும் மனோகரும் சாமிநாதனும் போட்ட கூத்துக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். ஆனால் அவர்கள் உரித்த தோல் பெரும்பாலும் சினிமாவுடையது.

பிரான்ஸில் 1988 முதல் கனால் பிளஸ் சேனலில் ‘லே கினோல் தெ லான்ஃபோ’ என்று பொம்மைகள் செய்தி வாசித்தன. கினோல் என்றால் லியோன் நகரத்துக் கைப்பொம்மை, பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பழக்கமான பெயர். நிஜச் செய்தி வாசிப்பாளர் ஒருவரின் முகத்தையே பொம்மைக்கு வைத்து ஜனாதிபதியையும் விடாமல் வாரினார்கள். நம் என்.டி.டி.வி.யும் இந்தியில் ‘குஸ்தாகி மாஃப்’ என்று பொம்மைகளை இறக்கியது. பிரெஞ்சுப் பொம்மைகளுக்கு முப்பது ஆண்டு ஆயுள். 2015-இல் சேனல் பொல்லோரே என்ற பெரிய தொழிலதிபர் கைக்குப் போனது. 2018-இல் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் கதையாக எழுதியதுதான், இங்கே நடந்தே விட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் வேறு மாதிரி. கேரளத்திலும் கட்சிச் சேனல் உண்டு. இருந்தும் ஏஷியாநெட்டில் 2000 முதல் ‘முன்ஷி’ வந்தது. சில நிமிஷம்தான். நாலைந்து பேர் கூடி அன்றைய அரசியலை அலசுவார்கள், கடைசியில் முன்ஷி ஒரு பழமொழி சொல்லி முடிப்பார். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில், மலையாளம் புரிகிற பெரியவர்கள் சிலர் நம் ஊர்ச் செய்தியைப் பார்த்துவிட்டு அடுத்ததாக முன்ஷியைப் போடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும், நானும் பார்த்திருக்கிறேன்.