தீர்ப்புக்குப் பின்

உரிய பணத்தைப் பெறுவதில் இரண்டு படிகள் உண்டு. ‘இது உனக்கு உரியது’ எனப் பிறர் ஏற்கச் செய்வது முதற்படி. அதனைக் கையில் வாங்குவது இரண்டாம் படி. முதற்படியினும் இரண்டாம் படியே கடினம் என்பதற்கு வரலாறே சான்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். பன்முறை கேட்டும் தவணை சொல்லிக் காலங்கடத்துவோனைச் சுற்றி, கடன் கொடுத்தவன் தரையில் வட்டம் கீறிவிடுவான். பணமோ பிணையோ தராமல் அவன் அதைத் தாண்டலாகாது. தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குக் கடன்பட்டிருந்த மன்னனே குதிரையோடு வட்டத்துள் அகப்பட்டு, பணம் கொடுபடும்வரை நின்றதைத் தாம் நேரில் கண்டதாகவும் அவர் கூறுகின்றார்.

பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில், கடனாளியை மறிக்கும் உரிமை நீதிமன்றத்தினுடையதாயிற்று. அது நன்மையே. ஆயினும், இந்தியாவில் வழக்காடுவோனின் தொல்லை தீர்ப்பாணை பெற்ற பின்னரே தொடங்குகிறது என்னும் கருத்தை 1872இல் இலண்டன் பிரிவி கவுன்சிலே வெளியிட்டது.

அதே ஆங்கிலச் சட்டமுறை மலாயாவிற்கும் வந்தது. இன்று கோலா சாவாத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. இலாகாவின் ஆணைப்படி முதலாளி பணம் கட்டாவிடின், ஆணையின் சான்றிட்ட படியை இலாகா நீதிமன்றத்திற்கு அனுப்பலாம். அங்குப் பதிவானதும் அது நீதிமன்றத் தீர்ப்பாகவே நிறைவேற்றத்தக்கது. பொருள்களைக் கைப்பற்றி ஏலமிடலாம். வங்கியிலுள்ள பணத்தைத் தடுத்துப் பெறலாம். கடனாளியை அழைத்து அவர் வசதியை விசாரிக்கலாம்.

ஆனால் இவற்றுள் எதுவும் தானே நடவாது. உரியவர் கேட்க வேண்டும். சொத்து எங்குள்ளது என்று காட்டவும் வேண்டும். தீர்ப்புக்கு 6 ஆண்டுகள் கடந்தபின் சொத்தைக் கைப்பற்ற நீதிமன்றத்தின் அனுமதி தேவை. 12 ஆண்டுகள் கடந்தால் அத்தீர்ப்பை வைத்து வழக்கிடவும் இயலாது.

ஆணைத் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்து, ‘வென்றோம்’ என்று மன நிறைவு கொள்வதால் பயன் யாது? தாமதிக்கும் முதலாளிக்கு அப்பூட்டே பாதுகாப்பு. தோட்டத்தில் படித்தவராக உள்ள ஆசிரியரும் தொழிற்சங்கத்தினரும் அத்தாளை எடுத்து, அதில் உள்ள தேதியையும் தொகையையும் படித்துக் காட்டி, அடுத்த விண்ணப்பத்தை எழுதித் தருவார்களாயின், அதுவே பெருந்தொண்டு. பாண்டிய நாட்டில் அந்த அயல்நாட்டு வணிகன், மன்னன் தானே வந்து தருவான் என்று காத்திருக்கவில்லை, தேடிச் சென்றான். இன்று வட்டம் கீறுவது நீதிமன்றம். தேடிச் செல்ல வேண்டியவர் இன்றும் பணத்திற்கு உரியவரே.