நீலகிரி வேட்டைச் சட்டமும் செயற்கை நுண்ணறிவும்

செயற்கை நுண்ணறிவை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா? 2023 மே மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்த ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன், சக்தி வாய்ந்த மென்பொருள்களுக்கு உரிமம் வழங்க ஓர் அரசு அமைப்பு தேவை என்றார். தொழில் செய்பவரே கட்டுப்பாடு கேட்கிறாரே என்று பலர் வியந்தனர். ஆனால் நீலகிரிக்கு இது பழைய கதை!

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்த பிறகு, ஆங்கிலேயர் மலையேறிக் குடியேறினர். ஊட்டி, சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானது. காபி, தேயிலைத் தோட்டங்கள் பரவின. கூடவே துப்பாக்கிகளும் வந்தன. விரைவாகச் சுடும் புது ரைபிள்கள் கைக்கு எட்டியதும் வரையாடு, கடமான், காட்டெருமை எல்லாம் வேகமாகக் குறைந்தன.

முதலில் பயந்தவர்கள் வேட்டைக்காரர்கள்தான். சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாதே! 1877-ல் அவர்கள் ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கினர். 1879-ல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டையாடக் கூடாத காலத்தை அரசு அறிவிக்கலாம், மீறினால் அபராதம்.

சட்டம் பலன் தந்ததா? தந்தது. வரையாடு அடியோடு அழியாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதன் பட்டியலைப் பாருங்கள். மானும் வரையாடும் முயலும் இருந்தன, புலி இல்லை. புலியைக் கொன்றவருக்கு அரசே சன்மானம் கொடுத்த காலம் அது. காட்டை நம்பி வாழ்ந்த குறும்பரையும் இருளரையும் கேட்டு அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. கேட்டவர்களுக்கு எது வேண்டுமோ, அதைத்தான் சட்டம் காத்தது. புலிக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைக்க 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரை, 93 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று வரையாடு தமிழகத்தின் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள் இருந்தன.

செயற்கை நுண்ணறிவுக்காகத் தமிழக அரசு 2020-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமே கொண்டு வந்தது. ஆகவே கட்டுப்பாடு வேண்டுமா என்ற கேள்விக்கு நீலகிரி சொல்லும் பதில், வேண்டும் என்பதே. ஆனால் பட்டியலை நிறுவனங்கள் மட்டும் எழுதக்கூடாது. கணினியின் முடிவால் கடனோ வேலையோ மறுக்கப்படும் சாதாரண மனிதரும் அந்த மேஜையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் அந்தப் புலியைப் போலக் காத்திருக்க வேண்டியதுதான்.