குழந்தைகளின் வலியும் ஓபியாய்டு மருந்துச் சோதனைகளும்

1970-கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜோஆன் ஈலண்ட் என்ற செவிலியர், அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 25 குழந்தைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். எல்லோரும் 4 முதல் 8 வயதுக்குள் இருந்தவர்கள். விபத்தில் பாதம் துண்டான குழந்தையும் அதில் உண்டு. 25 பேருக்கும் சேர்த்து, மருத்துவமனையில் இருந்த நாள் முழுவதற்கும், கொடுக்கப்பட்ட வலி நிவாரணி மொத்தம் 24 தடவை. 13 குழந்தைகளுக்கு ஒரு தடவைகூடக் கொடுக்கப்படவில்லை. அதே மாதிரியான நோய்களுக்காக வந்த 18 பெரியவர்களுக்கு எத்தனை தடவை தெரியுமா? 671!

அந்த மருத்துவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கு வலி பெரியவர்கள் அளவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சீக்கிரம் மறந்துவிடும் என்று அப்போதைய மருத்துவம் நம்பியது. அது போதாதென்று இன்னொரு பயம். அபினிலிருந்து வரும் மார்ஃபினும் அதன் உறவுக்கார மருந்துகளும் (இவற்றுக்குப் பொதுப்பெயர்தான் ஓபியாய்டு) அளவு சற்று கூடினால் மூச்சையே நிறுத்திவிடும். ஒரு குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அளவு தெரியாத மருந்தைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று இருந்துவிட்டார்கள்.

சோதிக்காமல் விட்டதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் விற்ற ஒரு சல்ஃபா மருந்துக் கரைசலைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதன் விளைவாக 1938-ல் மருந்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தாலிடோமைடு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1962-ல் சட்டம் இன்னும் கடுமையானது. இனி ஒரு மருந்து பாதுகாப்பானது என்பதோடு, அது வேலை செய்கிறது என்பதையும் நிரூபித்தாக வேண்டும். மருந்துக் கம்பெனிகள் என்ன செய்தன? பெரியவர்களிடம் மட்டும் சோதித்துவிட்டு, "குழந்தைகளிடம் சோதிக்கப்படவில்லை" என்று மருந்துக் குறிப்பில் ஒரு வரி அச்சடித்துக் கைகழுவிவிட்டன. குழந்தைகளுக்கு நேர்ந்த சோகத்தால் வந்த சட்டங்களே குழந்தைகளை வெளியே நிறுத்தின! ஹாரி ஷிர்க்கி என்ற குழந்தை மருத்துவர் 1960களில் இவர்களுக்கு "மருத்துவ அநாதைகள்" என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான்.

அந்தக் காலத்து நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இதயம் அருகே அறுவை சிகிச்சை செய்யும்போது, அசையாமல் இருக்கத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுப்பது அன்றைய வழக்கம். ஆனந்தும் அவருடைய குழுவினரும் 16 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, 8 பேருக்கு வழக்கமான முறையையும், 8 பேருக்கு அதனுடன் ஃபெண்டனில் என்ற ஓபியாய்டையும் கொடுத்தார்கள். இரத்தத்தில் அழுத்த ஹார்மோன்களை அளந்தார்கள். ஃபெண்டனில் கிடைக்காத குழந்தைகளின் உடல் பெரும் கொந்தளிப்பைக் காட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. அழ முடியாத குழந்தைக்காக அதன் இரத்தம் சாட்சி சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்த குழந்தைக்கும் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது.

வெறும் 16 குழந்தைகள்தான். ஆனால் அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால்?

சரி, வலி உண்டு என்பது முடிவானது. அளவு? குழந்தை என்பது சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவர் அல்ல. பிறந்த குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மார்ஃபினை மெதுவாகத்தான் வெளியேற்றும். மருந்து உடலிலேயே தங்கிவிடும். சில வருடங்கள் கழித்து அதே குழந்தையின் உடல் மருந்தை வேகமாக எரித்துவிடும். எடையைப் பார்த்து வகுத்துக் கொடுத்தால் ஒரு வயதில் அதிகமாகும், இன்னொரு வயதில் குறைவாகும். கோடீன் இதற்கு நல்ல உதாரணம். இருமல் மருந்தாக வீட்டு அலமாரியில்கூட இருந்த சாதுவான மருந்து என்று பேர். உடலுக்குள் போனதும் ஈரல்தான் அதை மார்ஃபினாக மாற்றும். சிலருக்கு மரபணு காரணமாக இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். டான்சில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில குழந்தைகள், வழக்கமான அளவு கோடீனிலேயே மூச்சு நின்று இறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் 12 வயதுக்குக் கீழ் கோடீனே கூடாது என்றது. பல தலைமுறைகளாகக் கொடுத்துவந்த மருந்துக்கு இந்த நிலை!

ஆக, சோதனை அவசியம். ஆனால் கம்பெனிகள் ஏன் செலவு செய்யும்? குழந்தைகளுக்கான சந்தை சின்னது, ஆபத்து பெரியது. 1997-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. எஃப்.டி.ஏ. கேட்கும் சோதனைகளைக் குழந்தைகளிடம் நடத்தினால், அந்த மருந்தைத் தனியாக விற்கும் உரிமை மேலும் 6 மாதம் நீளும். சோதனையில் மருந்து குழந்தைகளுக்கு உதவாது என்று தெரிந்தாலும் பரிசு உண்டு. 2003-ல் இன்னொரு சட்டம் சில மருந்துகளுக்கு இத்தகைய சோதனையைக் கட்டாயமும் ஆக்கியது. நியாயமாகச் சொன்னால் இந்தச் சட்டங்களால் நூற்றுக்கணக்கான மருந்துகளுக்குக் குழந்தைகளுக்கான அளவு கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை... ஆக்ஸிகான்டின் வரும்வரை.

நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டு என்றால் என்ன? சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். நடு இரவில் புற்றுநோய்க் குழந்தையை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டும், அல்லது வலியே எழுப்பிவிடும். இதற்கு மாற்றாக, தோலில் ஒட்டி 72 மணி நேரம் ஃபெண்டனிலைச் சிறிது சிறிதாக உள்ளே அனுப்பும் பட்டை வந்தது. 2003-ல் இது 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது, அதுவும் ஏற்கெனவே ஓபியாய்டுக்குப் பழகிய உடல்களுக்கு மட்டும். ஆக்ஸிகான்டினோ 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன். ஒரு மாத்திரைக்குள் அரை நாள் மருந்து அடைந்திருக்கிறது. 2010-ல் மாற்றியமைக்கப்படும்வரை, அதை நசுக்கினால் அரை நாள் மருந்தும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. இந்த ஒரு குணம்தான் அதைப் போதைச் சந்தையின் ராஜாவாக்கியது. 1995-ல் அனுமதி பெற்ற மாத்திரை அது. அதைத் தயாரித்த பர்டியூ ஃபார்மா, அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இந்தக் கம்பெனிதான் அதே மாத்திரையை 6 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்களிடம் சோதித்தது. 2012-ல் செய்தி வெளியானதும் பத்திரிகைகள் கேட்ட கேள்வி: இது குழந்தைகளுக்காகவா, அந்த 6 மாதத்துக்காகவா? எஃப்.டி.ஏ. கேட்டதால்தான் செய்கிறோம் என்பது பதில். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

சோதனை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வலியில் துடிக்கும் சிறுவனுக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க எந்த மனசாட்சியும் இடம் தராது. அதனால் எஃப்.டி.ஏ. ஒரு குறுக்குவழியை ஏற்கிறது. ஓபியாய்டு வலியைக் குறைக்கும் என்பது பெரியவர்களிடம் நிரூபணமானது, 2 வயதுக்கு மேல் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளிடம் பார்க்க வேண்டியது இரத்தத்தில் எவ்வளவு மருந்து ஏறுகிறது, என்ன பக்கவிளைவு என்பதை மட்டும். அப்படியும் ஆள் கிடைப்பது கஷ்டம். எந்தப் பெற்றோர் சுலபமாகக் கையெழுத்துப் போடுவார்கள்? முடிவில் 11 முதல் 16 வயதுக்குள் 140 பேர் தேறினார்கள். பெரும்பாலும் மூன்று வாரம் போலத்தான் மருந்து எடுத்தார்கள். வாந்தி, குமட்டல், தலைவலி, காய்ச்சல், மலச்சிக்கல் பதிவாயின. 11 வயதுக்குக் கீழ் போதுமான எண்ணிக்கை சேரவில்லை, எனவே அவர்களுக்கு அனுமதியும் இல்லை. இந்த மாத்திரையைப் பற்றி அமெரிக்காவே பயந்தது அடிமைத்தனத்தைத்தான். அது மூன்று வாரத்தில் தெரியுமா? அதற்கான சோதனையாக இது வடிவமைக்கப்படவே இல்லை.

2015 ஆகஸ்ட் 13 அன்று எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. குறைந்தது 5 நாள் தொடர்ந்து ஓபியாய்டு எடுத்து, தினம் 20 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன் அளவைத் தாங்கிக்கொண்ட 11 முதல் 16 வயதினருக்கு மட்டும் என்று நிபந்தனை. மருத்துவர்கள் எப்படியும் இதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சரியான அளவாவது தெரியட்டும் என்பது எஃப்.டி.ஏ. வாதம். மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மேன்சின் கொதித்தெழுந்தார். அவருடைய மாநிலம் இந்த மாத்திரையால் பட்ட பாடு அப்படி. வெளி நிபுணர் குழுவைக் கூட்டி ஆலோசிக்காமலே முடிவு எடுத்ததும் கோபத்தைக் கிளப்பியது. எஃப்.டி.ஏ. தலைவராக ராபர்ட் கேலிஃப் நியமிக்கப்படுவதை செனட்டர் எட் மார்க்கி தடுத்து நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். 2016 பிப்ரவரியில் கேலிஃப் பதவிக்கு வந்தார். குழந்தைகளிடம் ஓபியாய்டுகளை எப்படிச் சோதிப்பது என்று ஆலோசிக்கும் கூட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நடந்தது. மாத்திரைக்கு அனுமதி கொடுத்து ஓராண்டு கழித்து!

இந்தச் சந்தேகம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் குழந்தைகளின் நீடித்த வலிக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருந்தது. கோடீன் வேண்டாம், கடும் வலிக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்ன புத்தகம். 2019 மே மாதம் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர், இந்த வழிகாட்டியில் பர்டியூவின் செல்வாக்கு இருப்பதாக அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மார்ஃபினே எட்டாத ஏழை நாடுகளில் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் கையைப் பிசைந்தார்கள். அங்கே பிரச்சினை மருந்து அதிகமானது அல்ல, மருந்தே இல்லாதது.

2020 டிசம்பரில் புது வழிகாட்டி வந்தது. உயிருக்கு உலை வைக்கும் நோயுள்ள குழந்தைகளுக்கும், வாழ்வின் இறுதியில் இருப்பவர்களுக்கும் மார்ஃபின் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பரிந்துரைக்குப் பக்கத்திலேயே ஆதாரத்தின் தரமும் குறிக்கப்பட்டிருக்கிறது: மிகக் குறைவு.